ஆமை அண்ணனுக்கு மூச்சு வாங்குது

இந்த சீட்டு காலிதானே தம்பி? நகர வேணாம், நகர வேணாம், நான் ஓரமா உக்காந்துக்கறேன். இருங்க, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தேன், அதான். சரி, ஓடல. பஸ்ஸு நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு, நான் நடந்துதான் வந்தேன். வெயிலைப் பாருங்க, காலையிலேயே என்னமா அடிக்குது.

உங்க பையிலேர்ந்து காலுல மாட்டற ஃபின்ஸ் எட்டிப் பாக்குதே, அதைப் பாத்துட்டுத்தான் இத்தனை காலி சீட்டை விட்டுட்டு உங்க பக்கத்துல வந்தேன். டைவிங் கோர்ஸா? முடிச்சாச்சா? பேஷ். எங்க கடையில படிக்கலன்னு தெரியுது. படிச்சிருந்தா என்னைப் பாத்ததும் எந்திரிச்சிருப்பீங்க. பாண்டிச்சேரியில டைவிங்னு சொன்னா ஆமை அண்ணன்னு ஒரு பேரு அடிபடும், கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? சரி விடுங்க. கேள்விப்படாதவங்களும் நாலு பேரு இருக்கத்தானே செய்வாங்க.

நான்தான் அந்த ஆமை. தண்டபாணின்னு அப்பா அம்மா வெச்ச பேரு, அது ரேஷன் கார்டுல மட்டும் இருக்கு. சொந்தமா டைவிங் கடை, சொந்தமா போட்டு. அந்தச் சொந்தப் போட்டுலேர்ந்து என்னை இறக்கிவிட்டுட்டாங்க தம்பி. வேற யாரு? நான் பெத்த பொண்ணுதான். எழிலின்னு பேரு. நானே நீச்சல் கத்துக்குடுத்து, நானே டைவிங் கத்துக்குடுத்து, நானே கடைக்கு இழுத்துவிட்டேன். இப்ப அவ சொல்றா, "நெஞ்சை டாக்டர்கிட்ட காட்டு. அவரு சரின்னு சொன்னா போட்டுல கால் வை. இல்லேன்னா கரையில உக்காந்து கஸ்டமருக்கு டீ குடு"ன்னு. ஒரு மாசமா டீதான் குடுக்கறேன். டீ நல்லா வருதுன்னு வேற சொல்றாங்க, வயித்தெரிச்சல்.

அந்த டாக்டரைப் பாக்கத்தான் இப்ப போறேன். கொட்டிவாக்கம் ஸ்டாப்புல இறங்கினா எதிர்லயே ஆஸ்பத்திரியாம். மெஷினு மேல ஏத்தி ஓடவிட்டுப் பாப்பாங்களாம். இந்த வயசுல, இந்தத் தொந்தியை வெச்சுக்கிட்டு, நான் ஓடணுமாம். பஸ்ஸுக்கே ஓடாதவன் மெஷினுக்கு ஓடுவேனா சொல்லுங்க.

எல்லாத்துக்கும் காரணம் என் வாய்தான் தம்பி. வாயும் இந்த மீன் விவகாரமும்.

மீன் விவகாரம்னா என்னன்னா, எங்க கடைக்கு ஒருத்தன் வந்து நின்னான்னா, அவன் ஃபின்ஸ் மாட்டி முடிக்கறதுக்குள்ள அவன் என்ன மீனுன்னு சொல்லிடுவேன். சும்மா அடிச்சுவிடல. தண்ணிக்குள்ள எவனும் நடிக்க முடியாது. ஆபீஸ்ல மேனேஜரா இருப்பான், வீட்டுல புலியா இருப்பான், அதெல்லாம் கரையில. கடலுக்குள்ள உள்ளது உள்ளபடி வந்துடும்.

ஐ.டி. கம்பெனி கூட்டம் ஒண்ணு வரும் பாருங்க, பதினஞ்சு பேரா, ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கிட்டு. அதெல்லாம் நெத்திலி. ஒருத்தன் திரும்பினா எல்லாரும் திரும்புவாங்க. ஒருத்தனுக்குப் பசிச்சா எல்லாருக்கும் பசிக்கும். தனியா ஒருத்தனைப் பிரிச்சு விட்டீங்கன்னா பாவம், எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அந்தரத்துல நிப்பான்.

அப்புறம் பேத்தை. பேத்தை மீன் தெரியும்தானே, தொட்டா உப்பிக்கும். ஒரு தடவை ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தாரு. மீசையைப் பாத்து எல்லாரும் சுறான்னு நெனச்சாங்க. எழிலியே நெனச்சா. நான் மட்டும் "பேத்தை"ன்னேன். இறங்கி ஒரு தென்னை மர ஒசரம் போகல, ஒரு திருக்கை மணல்லேர்ந்து எந்திரிச்சு அது பாட்டுக்கு அது போச்சு. அவ்வளவுதான், ஐயா ஜாக்கெட்டுல காத்து பட்டனை அமுக்கோ அமுக்குன்னு அமுக்கி, பலூன் மாதிரி மேல கெளம்பிட்டாரு. நான் காலைப் பிடிச்சுத் தொங்கறேன், என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போறாரு. மேல வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? "உங்க கடல் சரியில்ல"ன்னாரு.

நண்டுன்னு ஒரு ஜாதி உண்டு. நீந்தவே மாட்டான். தரையில மண்டி போட்டு எல்லாத்தையும் தொட்டு, மணலைக் கெளப்பி, பின்னாடி வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாம பண்ணிடுவான். களவான்னா உங்களுக்குத் தெரியணுமே, பாறைப் பொந்துல உக்காந்து வாயைத் தொறந்து வேடிக்கை பாக்குமே, அது. எல்லாத்துலயும் நல்ல ஜாதி அதுதான். அசையாது, பயப்படாது, காத்தைக் கொஞ்சமா செலவு பண்ணும். பேங்க்ல கேஷியரா இருக்கற பொம்பளைங்க நெறைய பேரு களவா. ஏன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது.

உங்களையா? நீங்க... இருங்க, ஃபின்ஸைப் பையில தலைகீழா வெச்சிருக்கீங்க. அப்புறம் சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது.

இதை நான் வெறும் கிண்டலுக்காகச் சொல்றதில்ல. தண்ணிக்குள்ள தனியா எவனையும் விட மாட்டோம், ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்துத்தான் இறக்குவோம், உங்களுக்கும் கோர்ஸ்ல சொல்லியிருப்பாங்க. யாரை யாரோட சேக்கறதுங்கறதுதான் வித்தை. பேத்தையோட பேத்தையைச் சேத்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து உப்பிக்கும். பேத்தைக்குக் களவாதான் சரி. நண்டுக்கு முன்னாடி எவனையும் விடலாம், பின்னாடி விடக்கூடாது. என் வீட்டுக்காரி விசாலாட்சி சொல்லுவா, "நீ தப்பான கடை வெச்சிருக்க, கல்யாண புரோக்கர் கடை வெச்சிருந்தா கார் வாங்கியிருக்கலாம்"னு.

நான் ஆமை. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஊரே ஒத்துக்கிட்டது அது. அவசரம் இல்லாம, அலட்டல் இல்லாம, மூச்சைக் கஞ்சனாட்டம் விடுவேன். கூட வந்த கஸ்டமர் எல்லாம் சிலிண்டரைக் காலி பண்ணிட்டு மேல போயிடுவான், என் சிலிண்டர்ல பாதி அப்படியே இருக்கும். சின்னப் பசங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு என் காத்து மீட்டரை வந்து பாப்பாங்க.

இப்ப கொஞ்ச நாளா அந்த மீட்டர் சரியில்ல. ரிப்பேர். பாதி இருக்க வேண்டிய இடத்துல முள்ளு கால்வாசி காட்டும். மாத்தினேன். புது மீட்டரும் அதேதான் காட்டுது, கம்பெனிக்காரன் என்னத்தைச் செய்யறானோ. அப்புறம் காத்து அடைக்கற மெஷினைப் பிரிச்சு மாட்டினேன். அப்புறம் வாயில கவ்வி மூச்சு விடற ரெகுலேட்டரை மாத்தினேன். கடைசியில பெரிய சிலிண்டர் ஒண்ணு வாங்கி எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். எதுக்குன்னு எழிலி கேட்டா. ஓனர்னா ஒரு கெத்து வேணாமான்னேன். அவ சிரிக்கல. அவ முன்னாடி எல்லாம் நல்லா சிரிப்பா தம்பி, இப்பதான் கொஞ்ச நாளா என் ஜோக்குக்குச் சிரிக்கறதில்ல.

அப்புறம் கஸ்டமருங்களும் முன்ன மாதிரி இல்ல. பாதியிலேயே பயந்துடறாங்க. "அந்த அம்மா பயந்துட்டாங்க, மேல கூட்டிட்டு வந்துட்டேன்"னு போட்டுல சொல்லுவேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. பயத்துல இருக்கறவங்க அப்படித்தான் பாப்பாங்க.

இருங்க. ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க. ம்... இப்ப சரி. ஒண்ணும் இல்ல, இந்த பஸ்ஸுல காத்தே வரமாட்டேங்குது.

போன மாசம் ஒரு நாளு, சாப்பிட உக்காந்திருக்கேன். எழிலி வந்து பக்கத்துல உக்காந்தா. "அப்பா, ஒருத்தரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்"னா. யாருடான்னு கேட்டா, குமணன்னு ஒருத்தனாம், லாசுப்பேட்டையில பல் டாக்டராம், அவனும் டைவிங் பண்றவனாம். விசாலாட்சிக்கு முன்னாடியே தெரியும்போல, அவ பாட்டுக்கு ரசம் ஊத்திக்கிட்டு இருக்கா.

"என்ன மீனு?"ன்னேன்.

"அதை நீதான்ப்பா சொல்லணும். ஊருல உள்ள எல்லாரையும் சொல்ற. ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு எறங்கு. ரெண்டு பேரும் மட்டும் ஜோடியா. நீ என்ன சொல்றியோ, அதுக்கு மேல பேசலாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. மத்த வீட்டுல எல்லாம் பொண்ணுங்க அப்பனுக்குத் தெரியாம எதையாவது பண்ணிட்டு வந்து நிக்குது. என் பொண்ணு என் வித்தை மேல நம்பிக்கை வெச்சு மாப்பிள்ளையையே என் கையில குடுக்கறா. அன்னிக்குப் பூரா நான் தரையில நடக்கல. ஜாதகத்தை எடுத்துக்கிட்டு எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம், கடலுக்குள்ள ஒரு முங்கு, அவன் குலம் கோத்திரம் எல்லாம் தெரிஞ்சுடும்னு விசாலாட்சிகிட்ட பீத்திக்கிட்டேன். அவ "ம்"னா. ஒத்தை "ம்". அதுலயே நான் உஷாராகியிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை வந்தான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வணக்கம் அங்கிள்னான். பல் டாக்டருங்கறதால வாயை மூடிக்கிட்டே பேசினேன், ஒரு கடைவாய்ப் பல்லு சொத்தை எனக்கு. போட்டுல எதிர எதிர உக்காந்து டிரெஸ் பண்றோம். என் கண்ணு அவன் மேலயே இருக்கு. மாஸ்க்கை நிதானமாக் கழுவினான். சரி, களவான்னு மனசுல ஒரு மார்க் போட்டேன். அடுத்தாப்புல எந்திரிச்சு வந்து என் சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பாத்தான். ஜோடியை ஒருத்தருக்கொருத்தர் சரி பாத்துக்கணும்தான், ரூல்தான், ஆனா என் வால்வை! ஆமை அண்ணன் வால்வை! என்னா திமிருடா, இவன் சுறான்னு மாத்தினேன்.

"ஏன் அங்கிள் இவ்வளவு பெரிய டேங்க்?"ன்னான்.

"தொந்திக்கேத்த டேங்க் டாக்டரே"ன்னேன். அவனும் சிரிக்கல.

எழிலி போட்டுலயே இருந்துக்கிட்டா. நாங்க ரெண்டு பேரும் இறங்கறோம். மூணு கல்லுன்னு நாங்க சொல்ற பாறை ஒண்ணு இருக்கு, அங்க. அன்னிக்குத் தண்ணி என்னமோ அவ்வளவு தெளிவு. கீழ போனா மீனு மந்தை மந்தையா நிக்குது. இவன் ஒண்ணையும் பாக்கல தம்பி. ஒரு பெரிய களவா பொந்துல உக்காந்து கொட்டாவி விடுது, நான் கையைக் காட்டறேன், இவன் அதைப் பாக்காம என்னைப் பாக்கறான். என் தோளுக்குப் பின்னாடி ஒரு முழம் தள்ளி, நான் திரும்பினா திரும்பறான், நின்னா நிக்கறான். சுறா வயித்துல ஒட்டிக்கிட்டே போகுமே, அந்த ஒட்டு மீனு. எனக்கு வந்துச்சு பாருங்க கடுப்பு. அடப்பாவி, மாமனாருக்குத் தண்ணிக்குள்ள சோப்பு போடறியா? என் பொண்ணு போயும் போயும் ஒரு ஒட்டு மீனையா பிடிச்சுக்கிட்டு வந்தா?

சரி, இவனைக் கழட்டி விட்டாத்தான் சுயரூபம் தெரியும்னு ஒரு யோசனை. பாறைக்குப் பின்பக்கம் எப்பவும் தண்ணி இழுப்பு இருக்கும். அந்த இழுப்புக்கு எதிரா காலை அடிச்சேன். பத்தாததுக்கு ரெண்டு கல்லுக்கு நடுவுல சந்து ஒண்ணு இருக்கு, அதுல தலைகீழா நொழைஞ்சு வெளியில வந்து, எப்படின்னு திரும்பிப் பாத்தேன். அப்படியெல்லாம் நான் இருபது வயசுல கூடப் பண்ணினதில்ல. ஆமைக்குச் சந்துல என்னா வேலை?

அங்கதான் தம்பி, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி ஆச்சு. மூச்சை இழுக்கறேன், இழுக்கறேன், பத்தல. காத்து வருது, பத்தல. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வரல. அவன் விரலை வட்டமா வெச்சு, சரியான்னு கேக்கறான். நானும் வட்டம் வெச்சுக் காட்டறேன், சரிதான்னு. மறுபடி கேக்கறான். மறுபடி காட்டறேன். அப்புறம் என் மீட்டரைப் பாத்தேன். முள்ளு சிவப்புல நிக்குது.

ஊருக்கெல்லாம் மீட்டரைப் பாரு மீட்டரைப் பாருன்னு கத்துக்குடுத்த வாயி இது. அன்னிக்கு இறங்கினதுலேர்ந்து ஒரு தடவை நான் மீட்டரைப் பாக்கல. மாப்பிள்ளையைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.

அதுக்கு மேல அவன் கேக்கல. தன்னோட உபரி ரெகுலேட்டரை எடுத்து என் வாய்க்கு நேரா நீட்டினான். நான் அதைக் கவ்விக்கிட்டேன். என் முழங்கையை அவன் பிடிச்சுக்கிட்டான், அவன் முழங்கையை என்னைப் பிடிக்க வெச்சான். மெல்ல மெல்ல மேல வர்றோம். நேரா மேல வந்துட முடியாதுல்ல, கொஞ்சம் கீழேயே மூணு நிமிசம் நின்னு வரணும். அந்த மூணு நிமிசம் நானும் அவனும் மூஞ்சிக்கு மூஞ்சி, ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். தண்ணிக்குள்ள கூட கையாலயே பேசிக்கிட்டு இருக்கறவன் நான், பொறந்ததுலேர்ந்து நான் முழிச்சிருக்கறப்ப தொடர்ந்து பேசாம இருந்தது அந்த மூணு நிமிசம்தான்னு நெனைக்கறேன். எனக்குக் கண்ணுல தண்ணி. மாஸ்க்குக்குள்ள அழுதா தொடைக்கவும் முடியாது. செத்துடுவேன்னு நெனச்சேன் தம்பி. சத்தியமா நெனச்சேன்.

மேல வந்தா ஏணியில ஏற முடியல. தண்ணியிலேயே சிலிண்டரைக் கழட்டிட்டு, அவன் கீழேர்ந்து தள்ள, எழிலி மேலேர்ந்து இழுக்க, மூட்டை மாதிரி போட்டுல விழுந்தேன். விழுந்ததும் முதல்ல என்ன பண்ணினேன்னு நெனைக்கறீங்க? பேச ஆரம்பிச்சேன்.

"பாஸ் டாக்டரே, பாஸ்! வேணும்னுதான் காத்தைக் காலி பண்ணிக் காட்டினேன். ஆபத்துல நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான் வெச்ச டெஸ்ட்டு!"

எழிலி என் பக்கத்துல வந்து முட்டி போட்டு உக்காந்து, என் முடியிலேர்ந்து வடியற தண்ணியைத் துண்டால தொடைச்சா. சின்னப் பிள்ளைக்குத் தொடைக்கற மாதிரி.

"அப்பா, டெஸ்ட் அவருக்கு இல்ல. உனக்கு."

"எனக்கா?"ன்னேன்.

"நானும் ஆறு மாசமா பாக்கறேன். மீட்டரை மாத்தற, ரெகுலேட்டரை மாத்தற. என்னோட மட்டும் ஜோடி சேர மாட்டேங்கற. கேட்டா ஜோக் அடிக்கற. யாராவது உன்னைக் கவனிக்கறாங்கன்னு தெரிஞ்சா நீ நடிப்ப. அடுத்தவங்களை எடை போடறப்பதான் உன்னை நீ மறப்ப. அதனால உனக்கு எடை போட ஒரு ஆளைக் குடுத்தேன்."

அப்பத்தான் அவன் வாயைத் தொறந்தான். "அங்கிள், உங்க குமிழி நிக்கவே இல்ல. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வரும்ல, அது வரவே இல்ல. இறங்கினதுலேர்ந்து"ன்னான்.

அதான் தம்பி, மீனைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு வந்திருக்கான். நான் அவனை எடை போட்டுக்கிட்டு இருக்கேன், அவன் என் குமிழியை எண்ணிக்கிட்டு இருந்திருக்கான்.

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "பல்லு பாக்கறவனுக்கு நெஞ்சைப் பத்தி என்னடா தெரியும்? அப்ப கல்யாணம்னு சொன்னதெல்லாம் பொய்யா?"ன்னு கத்தினேன். கத்தறதுக்கும் மூச்சு பத்தல, பாதியில இருமிட்டேன்.

"கல்யாணம் நெஜம். இதுவும் நெஜம். நீ டாக்டரைப் பாத்துட்டு வர்ற வரைக்கும் தேதி குறிக்கப் போறதில்ல. நீ இல்லாம எனக்கு எவனும் தாரை வாத்துக் குடுக்க வேணாம்"னா. அதைச் சொல்றப்ப அவ குரலு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் உடனே, "ஆமைக்கு முந்நூறு வயசு ஆயுசும்மா, உன் பேரனுக்கும் நான்தான் நீச்சல் கத்துத் தருவேன்"னு ஆரம்பிச்சேன்.

"நீ ஆமை இல்லப்பா"ன்னா. "கணவாய். யாராவது கிட்ட வந்தா உடனே மையை அடிச்சுட்டு ஓடிப்போயிடற."

"நான் எப்பம்மா மை அடிச்சேன்?"

"இப்ப பேசினியே, அதுதான்."

சுருக்குன்னுச்சு தம்பி. வீட்டுக்குப் போய் விசாலாட்சிகிட்ட முறையிட்டேன், இப்படி உன் பொண்ணு என்னைக் கணவாயின்னுட்டாளேன்னு. அவ அடுப்பைப் பாத்துக்கிட்டே, "எந்த மீனா இருந்தா என்ன, எதுக்கும் ஆகாத மீனு"ன்னா. நான் சிரிச்சேன். அவ திரும்பவே இல்ல. தோளு மட்டும் குலுங்குது. அவளும் சிரிக்கறான்னுதான் நெனச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது அவ சிரிக்கலன்னு.

அன்னிலேர்ந்து நான் கரை. தெனம் காலையில எழிலி போட்டை எடுத்துட்டுப் போறா, நான் டாட்டா காட்டறேன். யாரை யாரோட ஜோடி சேர்க்கறான்னு கரையிலேர்ந்து எட்டி எட்டிப் பாக்கறேன். தப்புத் தப்பாச் சேர்க்கறா. எல்லாரும் பத்திரமா திரும்பி வந்துடறாங்க, அது வேற விசயம்.

ஆஸ்பத்திரிக்குக் குமணன் கார்ல கூட்டிட்டுப் போறேன்னான். வேணாம்னேன். எழிலி வரேன்னா. போட்டை விட்டுட்டு நீ எதுக்குன்னேன். விசாலாட்சி பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னா. எனக்கென்ன கையில்லையா காலில்லையான்னு கேட்டு உக்கார வெச்சுட்டு வந்தேன். போன வாரமும் இப்படித்தான் தனியாக் கெளம்பினேன். மாமல்லபுரம் வந்ததும் காலு தானா இறங்கிடுச்சு. பீச்சுல உக்காந்து சுண்டலைத் தின்னுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். ஆஸ்பத்திரியில கூட்டம்னு சொன்னேன். "சட்டையில பூரா மணலா இருக்கே, ஆஸ்பத்திரியில மணலு கொட்டி வெச்சிருக்காங்களா"ன்னு கேட்டா விசாலாட்சி. சண்டை போட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். அவ பாட்டுக்குச் சட்டையை உதறி ஊறப்போட்டா.

இன்னிக்கு மாமல்லபுரம் தாண்டிடுச்சு, கவனிச்சீங்களா? உங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்ததுல அது போனதே தெரியல.

குமணனா? அவன் என்ன மீனுன்னு கேக்கறீங்களா? அது இன்னும் பிடிபடல தம்பி. களவான்னு பாத்தேன், சுறான்னு பாத்தேன், ஒட்டு மீனுன்னு பாத்தேன், எதுலயும் அடங்க மாட்டேங்கறான். இத்தனை வருசத்துல எனக்குப் பிடிபடாத ஆளு அவன் ஒருத்தன்தான். இன்னொரு தடவை அவனோட இறங்கினா சொல்லிடுவேன். ஒரே ஒரு தடவை போதும். அதுக்குத்தான் இந்த டாக்டரு சரின்னு சொல்லணும்.

சொல்லலன்னா?

அதை யோசிக்க வேணாம்னுதான் இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வந்தேன். மேல இருக்கறப்ப நான் யாரு தம்பி? தொந்தி வெச்ச ஒரு ஆளு. எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. கடன்காரன் வந்தா பின்வாசல் வழியா போறவன். கீழ போனாத்தான் எனக்கு ஒரு மரியாதை, எனக்கே என் மேல. அதை ஒரு ஆளு கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே, இனிமே இல்லைங்கன்னு சொல்லிட்டா? பயமா இருக்கு. வீட்டுல யாருகிட்டயும் இதைச் சொல்லல. பேரு தெரியாத உங்ககிட்ட சொல்றேன் பாருங்க.

என்ன கத்தறாரு கண்டக்டரு? கொட்டிவாக்கமா? நான்தான். தெரியுது தம்பி, எந்திரிக்கணும். எந்திரிக்கறேன். அதோ எதிர்ல கட்டடம், அதுதான்போல. நல்லா பெருசாத்தான் கட்டியிருக்காங்க.

நீங்க எங்க இறங்கணும்? திருவான்மியூரா? அடுத்த ஸ்டாப்புதானே. அவசர வேலை ஏதாவது இருக்கா? இல்ல, சும்மா கேட்டேன். இங்க இறங்கினாலும் நடந்தே போயிடலாம், கிட்டத்தான். வாசல் வரைக்கும் வந்தா போதும், உள்ள நான் பாத்துக்கறேன். முடிஞ்சா உள்ளயும் வாங்களேன். பக்கத்துல உக்காந்திருந்தா போதும், நான் பேசக்கூட மாட்டேன்.

பையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். கண்டக்டர், இருங்க இருங்க, போயிடாதீங்க! ஆளு இறங்கணும். ஒருத்தர் இல்லைங்க, ரெண்டு பேரு.